படத்தை முகர்ந்து பார்க்காதீர்கள்

காபியில் வரைந்த படம் என்று சொன்னதும் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றே: குனிந்து மூக்கைக் கொண்டுபோய் வைப்பார்கள். அப்புறம் ஏமாந்த முகத்தோடு நிமிர்வார்கள். காய்ந்த காபிக்கு வாசம் அவ்வளவாகக் கிடையாது. கண்ணாடி போட்டுச் சட்டமடித்த படத்துக்குச் சுத்தமாகக் கிடையாது. "நெஜமாவே காபிதானா அக்கா?" என்று ஒரு கேள்வி. ஆமாம் என்றால் "அடேயப்பா!" என்று ஒரு போட்டோ. படத்தில் இருப்பது யார், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, அந்தக் கை ஏன் அப்படி மடங்கியிருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

எனக்கு இது பழைய எரிச்சல். காபியில் செய்தது என்பதே பெருமையாகிவிட்டால் கைவேலையை யாரும் பார்ப்பதில்லை. காபி அந்த வேலைக்கு என்ன கொடுக்கிறது என்று பார்த்துத்தான் நான் மதிப்பேன். சில வேலைகளுக்கு நிறையக் கொடுக்கிறது. சிலவற்றில் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை.

நான் ரங்கூனில் தக்கேத்தா பக்கம் இருப்பவள். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்பில், எழுத்தும் வாய்ப்பாடும் முடிந்த பிறகு பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் டீச்சர் என்பார்கள், பாதிப் பேர் பர்மியப் பேச்சில் சயாமா என்பார்கள். வெளிநாட்டு வாட்டர் கலர் பெட்டியெல்லாம், நம் பணத்தின் மதிப்பு சரிந்த பிறகு, விலை கேட்டுவிட்டு வைத்துவிட்டு வருகிற சாமான் ஆகிவிட்டது. காபி என் மேஜைக்கு வந்தது இப்படித்தான். கலை ஆவேசம் ஒன்றும் இல்லை.

பர்மா டீக்கடை நாடு. டீயைக் குடிப்பதோடு விடாமல் இலையை ஊறவைத்து லபெத் என்று தின்னவும் செய்கிற ஊர் இது. ஆனால் காபியும் இங்கேயே விளைகிறது. 1885 வாக்கில் பாதிரிமார் தெற்கே மெய்க், தவாய் பக்கம் நட்டார்கள். 1930 வாக்கில் அராபிகா வகைக் காபி ஷான் மலைகளுக்கும் மேமியோவுக்கும் ஏறியது. இப்போது பெயர்ப்பலகையில் பின்ஊல்வின் என்று இருக்கும் மேமியோ ஆயிரம் மீட்டருக்கு மேலே உள்ள ஊர், காபிச் செடிக்கு ஏற்ற குளிர். தெற்கு ஷானில் யுவாங்கான் பக்கத்துக் காபி வெளிநாட்டுக்குப் போய் நல்ல பெயர் வாங்குகிறது. நமக்குக் கிடைப்பது? டீக்கடையில் போய்க் காபி என்று கேட்டுப் பாருங்கள். காபித்தூள், சர்க்கரை, பால்பொடி மூன்றும் கலந்த பாக்கெட்டைக் கிழித்து, வெந்நீரை ஊற்றி, அந்தப் பாக்கெட்டையே மடித்துக் கலக்கிக் கொடுப்பார்கள். காபிமிக்ஸ்.

அந்தக் காபிமிக்ஸில் படம் வரைய முடியாது. வகுப்பில் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவருவது அதைத்தான் என்பதால் ஒவ்வொரு வருஷமும் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. அதில் காபி கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் சர்க்கரையும் எண்ணெய் கலந்த பால்பொடியும். காகிதத்தில் சேற்று நிறமாக, எண்ணெய்த் திட்டாக உட்காரும். மறுநாள் காலையில் பார்த்தால் படத்தின் மேல் எறும்பு வரிசை.

வேண்டியது பாலும் சர்க்கரையும் இல்லாத இன்ஸ்டன்ட் காபித்தூள். விலை குறைந்ததே போதும். வீட்டு டிகாக்ஷனும் உதவும், ஆனால் அது தண்ணீர் மாதிரி மெலிசு. சுண்டக் காய்ச்சினால்தான் கருமை வரும், அதற்கு அடுப்பு எரிக்க வேண்டும். சிக்கரி கலந்தது கொஞ்சம் சிவந்த பழுப்பு. பார்க்க அழகு, ஆனால் மழைக்காலத்தில் கை வைத்தால் பிசுபிசுக்கும். தூளையே இரண்டு கரண்டி வெந்நீரில் குழைத்தால் கிட்டத்தட்டக் கறுப்பு. அதில் ஒரு சொட்டை எடுத்து அரை டம்ளர் நீரில் விட்டால் பழைய கடிதத்தின் நிறம். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை படி வேண்டுமோ அத்தனை படி. முதல் வகுப்பில் வேறெதுவும் கிடையாது. ஒரு பட்டை போட்டு, வெளிறியதிலிருந்து கறுத்தது வரைக்கும் படிப்படியாக நிரப்ப வேண்டும். தூரிகையை நக்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே நிறம் என்பதுதான் காபி கொடுக்கும் பெரிய வசதி. வானத்துக்கு நீலம், மரத்துக்குப் பச்சை என்று பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது. காபியில் அந்தப் பேச்சே எழாது. மரம் வானத்தைவிடக் கறுப்பா வெளுப்பா? சட்டை கழுத்தைவிடக் கறுப்பா? இதை மட்டும் பார்த்தால் போதும். இன்னொரு சங்கதியும் உண்டு. எங்கள் பக்கம் மாலையில் கரண்ட் இருக்காது. பேட்டரி விளக்கின் வெளிச்சத்தில் எது மஞ்சள், எது ஆரஞ்சு என்று கண்ணுக்குத் தெரியாது. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதனால் வாட்டர் கலரில் வரைகிறவர்கள் காலைக்குக் காத்திருக்க, நான் ராத்திரியிலும் வரைகிறேன்.

காபி காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும். ஒரு பூச்சின் மேல் அடுத்த பூச்சைத் தேய்த்துப் போட்டால் கீழே இருப்பது கிளம்பிவந்து எல்லாம் கலங்கிவிடும். ஒரே இழுப்பு, கையை எடுத்துவிட வேண்டும். இதே குணம் இன்னொரு விதத்தில் உதவி. மூக்கு நுனியில் வெளிச்சம் வேண்டுமா? சுத்தமான ஈரத் தூரிகையால் தொட்டு, துணியால் ஒற்றினால் காகிதம் வெளுத்து மேலே வரும்.

டம்ளர் வைத்த இடத்தில் காய்ந்த காபி வட்டத்தைக் கவனித்திருப்பீர்கள். நடுவில் வெளிறி, ஓரம் மட்டும் கறுத்திருக்கும். இது ஏன் என்று 1997-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் கூட இருந்தவர்களும் ஆராய்ந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். துளியின் ஓரம் பரப்பைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறது. ஓரத்தில்தான் நீர் வேகமாக ஆவியாகிறது. போன நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. ஓடும்போது மிதக்கும் துகள்களையும் இழுத்துக்கொண்டு போய் அங்கே இறக்கிவிடுகிறது. வாட்டர் கலர்காரர்கள் இந்தக் கறுத்த ஓரத்தைக் குறை என்று சொல்லி, காகிதத்தை முதலிலேயே நனைத்துத் தவிர்ப்பார்கள். நான் அதை வேண்டுமென்றே வரவழைக்கிறேன். உல்லம் மீன் வரையும்போது ஒரு செதிலுக்கு ஒரு துளி, பக்கத்துத் துளியைத் தொடாமல், வரிசையாக. ஊதவும் கூடாது, விசிறவும் கூடாது. காய்ந்ததும் ஒவ்வொரு செதிலுக்கும் தானாகவே ஓரக்கோடு விழுந்திருக்கும். எந்தப் பேனாவாலும் அவ்வளவு மெல்லிய கோடு எனக்கு வராது. இங்கேதான் காபி தன் வேலையைத் தானே செய்கிறது.

காகிதத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். யுவாங்கானிலிருந்து அதிக தூரமில்லை பிண்டாயா. குகைக்குள் ஆயிரக்கணக்கில் புத்தர் சிலைகள் இருக்கிற ஊர். அங்கே முசுக்கட்டை மரத்தின் பட்டையைச் சாம்பல் சேர்த்து வேகவைத்து, கொட்டாப்புளியால் அடித்துக் கூழாக்கி, துணி கட்டிய சட்டத்தில் தண்ணீருக்குள் பரப்பி, வெயிலில் காயவைத்துக் காகிதம் செய்கிறார்கள். சிலர் ஈரமாக இருக்கும்போதே பூவிதழும் இலையும் பதிப்பார்கள். குடைக்கும் இந்தக் காகிதம்தான். நார் கண்ணுக்குத் தெரியும், கிழிப்பது லேசில்லை. ஆனால் காபியை ஒரு சொட்டு வைத்தால் உறிஞ்சிக்கொண்டு நாலு பக்கமும் ஓடிவிடும். இதற்கு வடிகஞ்சி போதும். வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, ஒரு சிட்டிகை படிகாரம் கரைத்து, அகலத் தூரிகையால் இரண்டு பக்கமும் பூசிக் காயவைத்தால் துளி மேலேயே நிற்கும். கஞ்சி பூசிய காகிதத்தை ராமபாணப் பூச்சி விடாது என்பதால் பெட்டியில் வேப்பிலை போட்டு வைக்கிறேன்.

அப்பாயியை வரைந்தது இந்தக் காகிதத்தில்தான். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஸ்டுடியோ போட்டோ. அதுவும் வெளிறிப் பழுப்பாகி, காபியின் நிறத்துக்கே வந்துவிட்டது. கண்டாங்கிச் சேலை, காதில் தோடு, இரண்டு கன்னத்திலும் வட்டமாகத் தனக்கா. பர்மா வராதவர்களுக்குச் சொல்கிறேன்: தனக்கா என்பது ஒரு மரத்தின் பட்டை. கல்லில் தண்ணீர் விட்டுச் சந்தனம் போல உரைத்து முகத்தில் பூசிக்கொள்வார்கள். வெயிலுக்கு இதம். அப்பாயி தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். நெற்றியில் குங்குமத்தையும் விடவில்லை, கன்னத்தில் தனக்காவையும் விடவில்லை.

முகத்தின் நிறத்துக்குக் காபியை மிஞ்ச ஒன்றும் இல்லை, எங்கள் குடும்பத்து நிறமே அது. கன்னத்தில் மட்டும் காபி படாமல் வெறும் காகிதமாக விட்டேன். அங்கே அசல் தனக்காவையே உரைத்துப் பூசினேன். வெறுமனே பூசினால் காய்ந்து உதிர்ந்துவிடும் என்பதால் வேலம்பிசினைக் கரைத்துச் சேர்த்தேன். காபி காய்ந்த இடத்தின் ஓரத்தில் தனக்காவின் ஈரம் பட்டு ஒரு நூலளவு பழுப்பு ஏறியது. முகத்தில் தனக்கா வியர்வையில் ஓரம் கலைவதும் அப்படித்தான், அதனால் தொடவில்லை. இந்தப் படத்தை யாராவது முகர்ந்தால் எனக்குக் கோபமில்லை. தனக்காவுக்கு வாசம் உண்டு.

விற்கும்போது இரண்டு விஷயத்தை வாங்குகிறவர்களிடம் சொல்லிவிடுவேன். ஒன்று, வெயில் படும் சுவரில் மாட்டினால் காபி வெளிறும். இரண்டு, ரங்கூன் மழை. ஜூனிலிருந்து அக்டோபர் வரைக்கும் செருப்பே பூஞ்சை பிடிக்கிற ஊரில் காபிப் படத்துக்குப் பூஞ்சை பிடிக்காமலிருக்குமா? கரைசலில் ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விடுகிறேன், காய்ந்தபின் மேலே வார்னிஷ் அடிக்கிறேன். காபி கொஞ்சம் புளிப்புச் சத்துள்ளது, பல வருஷத்தில் காகிதத்தையும் அரிக்கும். நூறு வருஷம் இருக்கும் என்று பொய் சொல்லி விற்க மனசு வரவில்லை. சொன்னதும் பாதிப் பேர் வாங்காமல் போய்விடுகிறார்கள், போகட்டும்.

துணிக்குக் காபிச் சாயம் ஏற்றலாமா என்று கேட்கிறார்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் கொஞ்சம் பிடிக்கும். பருத்திக்கு? வீண்வேலை. நாலு தடவை துவைத்தால் அழுக்குத் துணி மாதிரி ஆகிவிடும். துவர்ப்புள்ள கடுக்காய் இருக்கும்போது எதற்குக் காபி? கலம்காரிக்காரர்கள் கடுக்காயையும் பாலையும் கலந்து துணியை முக்கிக் காயவைத்துவிட்டுத்தான் இரும்புத் துருவையும் வெல்லத்தையும் ஊறவைத்த கறுப்பு மையால் எழுதுவார்கள். பாலின் கொழுப்பு மை பரவாமல் காக்கும், கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுப்பாகும். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை உண்டு. காபிச் சாய டீஷர்ட்டில் காபிக்கு உள்ள வேலை விலையை ஏற்றுவது மட்டும்.

பெரிய பெரிய காபி மொசைக்குகள் பற்றியும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. 2011-ல் அல்பேனியாவின் சைமிர் ஸ்திராட்டி காபிக் கொட்டைகளை ஒட்டியே பெரிய சுவர்ப்படம் செய்தார். 2009-ல் சிட்னியில் 3,604 கோப்பைக் காபியை அடுக்கி மோனாலிசா முகத்தை வரவழைத்தார்கள். எனக்குப் பிடித்தது சிட்னி வேலைதான். ஒவ்வொரு கோப்பையிலும் எவ்வளவு பால் என்பதுதான் அங்கே நிறம். காபி குடிக்கிறவன் தினமும் செய்கிற கலவையே படமாகிவிட்டது.

ஆனால் காபி கலைக்குச் செய்த உதவிகளில் என்னை அசத்தியது வேறு. எங்கள் தெருவில் முன்பு ஸ்டுடியோ வைத்திருந்த மாமா ஒருவர் இருக்கிறார். கடையை மூடிப் பல வருஷம். கறுப்பு வெள்ளை பிலிம் சுருள் சில அவரிடம் மிச்சம். பிலிமில் உருவத்தை வரவழைக்கும் டெவலப்பர் ரசாயனம் கிடைப்பதில்லை. அவருடைய மருமகன் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொல்ல, இன்ஸ்டன்ட் காபி, சலவைச் சோடா, வைட்டமின் சி தூள் மூன்றையும் தண்ணீரில் கரைத்து, பிலிமை அதில் கழுவினார்கள். உருவம் வந்தது! 1995-ல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸும் அவருடைய மாணவர்களும் கண்டுபிடித்த வழியாம், வைட்டமின் சி மட்டும் பிற்பாடு சேர்ந்ததாம். காபியிலுள்ள காஃபிக் அமிலம்தான் வேலை செய்கிறது, தூக்கத்தைக் கெடுக்கும் காஃபீனுக்கு இதில் பங்கில்லை. மட்டமான ரொபஸ்டா வகைக் காபித்தூள்தான் இதற்குச் சிலாக்கியம். நாற்றம் தாங்காது. மாமி அந்தப் பக்கமே வரவில்லை. உருவத்தை நிலைநிறுத்த அப்புறமும் ஹைப்போ என்ற ரசாயனம் வேண்டும், அது மாமாவின் பழைய பெட்டியில் இருந்தது. வந்த படம் ஆற்றங்கரை, ஒரு சம்பான் படகு, பாதி மங்கல். மாமா அதைக் கையில் பிடித்துக்கொண்டு, எக்ஸ்போஷர் சரியில்லை என்று மருமகனைத் திட்டினார்.

சரி, சின்னம்மாவுக்கு வருகிறேன். நான் இத்தனை நேரம் பேசியதையெல்லாம் அவர் ஒரு வரியில் முடித்துவிடுவார். "குடிக்கிறதை எடுத்துப் படம் வரையிற. தூக்கிப்போடுறதை எடுத்து ஏதாவது செய்யேன்டி." எங்கள் ஊரில் காபி விட்டுவிட்டுப் போவது சக்கை இல்லை, உறை. உள்ளே அலுமினியம், வெளியே பிளாஸ்டிக், இரண்டும் பிரிக்க முடியாமல் ஒட்டியது. பழைய சாமான்காரர் வாங்கமாட்டார். மழை வந்தால் சாக்கடை வாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

சின்னம்மா சின்ன வயதிலிருந்தே ஒயர் கூடை போடுகிறவர். சிவன் கண் முடிச்சு அவருக்குத் தூக்கத்திலும் வரும். காபிமிக்ஸ் உறையில் முடிச்சு கிடையாது, மடிப்புதான். உறையை விரித்து, இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையாக வெட்டுவார். நீளவாக்கில் இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, திரும்ப ஒருமுறை மடித்தால் நாலு மடிப்புள்ள நாடா. அதை நடுவில் மடித்து, இரண்டு நுனியையும் உள்ளே மடித்தால் இரண்டு காலும் இரண்டு பையும் உள்ள ஒரு கண்ணி. ஒரு கண்ணியின் கால்களை அடுத்ததன் பைகளுக்குள் செருகி இழுக்க வேண்டும். கோணல்மாணலாகப் பல் பல்லாக ஒரு சங்கிலி நீளும். பையின் சுற்றளவு வந்ததும் முதலையும் கடைசியையும் கோத்து வளையமாக்குவார். வளையத்தின் மேல் வளையம், பல்லுக்குள் பல் உட்கார, தூண்டில் நரம்பால் தைப்பார். பசை இல்லை, ஆணி இல்லை. ஒரு நடுத்தரப் பைக்குப் பல நூறு உறை.

மடிப்பதற்கு முன்பே யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும்? ஒரே உறையில் சிவப்பும் இருக்கும், கோப்பைப் படமும் இருக்கும், பொடி எழுத்தும் இருக்கும். சின்னம்மா சிவப்பு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மடித்தவற்றை ஒரு தட்டிலும், பொன்னிறத்தை ஒரு தட்டிலும் பிரித்து வைத்துக்கொள்வார். கோலப் புள்ளி மாதிரி எண்ணி எண்ணிச் செருகினால் பையின் நடுவில் சாய்சதுரம் விழும். எழுத்து வெளியே தெரிந்தால் பிரித்துத் திரும்பப் போடுவார். விளம்பரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவதா என்பார்.

ஆற்றுக்கு அக்கரையில் தலாவில் சூசூ என்ற பட்டறை இப்படிப்பட்ட கழிவுகளிலிருந்தே பைகளும் கூடைகளும் செய்து பெயர் வாங்கியிருக்கிறது. சின்னம்மாவிடம் சொன்னேன். எடுத்துப் பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார், "நல்லா இறுக்கமாத்தான் இருக்கு" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு. அந்தப் பைகளையும் யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை, கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள். அரிசி, வெங்காயம், மீன் எல்லாம் தாங்கும். நனைந்தால் உதறிவிட்டு மாட்டிவைக்கலாம். என் படங்களைவிட அவருடைய பைகள் அதிகம் விற்கின்றன, நியாயம்தான்.

தீபாவளிக்குள் அவரிடம் பை கேட்டு நிறையப் பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள், உறைதான் பற்றவில்லை. அதனால் ரங்கூனில் இருக்கிற உறவுக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காபிமிக்ஸ் பாக்கெட்டைப் பல்லால் குறுக்கே கிழிக்காதீர்கள், கிழிந்த உறை மடிக்க வராது. மேலோரத்தைக் கத்தரியால் நேராக வெட்டுங்கள். அதையே மடித்துக் காபியைக் கலக்கவும் வேண்டாம், கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து, ரப்பர் பேண்ட் போட்டு, ஞாயிறு காலையில் மண்டபத்தில் என்னிடம் கொடுங்கள். அலசாமல் கொண்டுவருகிறவர்கள் எறும்போடு சேர்த்துத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கும், சின்னம்மாவின் உத்தரவு.